பேச்சி ஏட்டில் எழுதியிருக்கிறபடி

சிலமலை,
2.11.2025

அன்புத் தம்பி பிரபாகரனுக்கு,

அக்கா ரேணுகா. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் இரண்டையும் தவிர. தோஹாவில் நீயும் சுஜாதாவும் என் மருமகள் தமிழினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுவாள் என்று சிரிக்காதே. போனில் ஏதாவது முக்கியமாகப் பேச ஆரம்பித்தால் நீ “சிக்னல் இல்லை அக்கா” என்று வைத்துவிடுகிறாய். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம்.

போன வாரம் தேனி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அப்பா இனி மலையேறக் கூடாது, தலையில் பாரம் வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பா பஸ்சில் வீடு வந்து சேரும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் நினைப்பெல்லாம் மாசிச் சிவராத்திரியில் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பெட்டிப் பேச்சி அம்மனின் பெட்டியை நம் வீட்டிலிருந்து குரங்கணிக்கு மேலே இருக்கிற கோயிலுக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய், மறுநாள் திருப்பிக் கொண்டுவருவது நம் வீட்டு உரிமை. ஒரு வருஷம் நம் வீட்டு ஆள் சுமக்காவிட்டால் உரிமை பொன்னுமணி சித்தப்பா வீட்டுக்குப் போய்விடும். பெட்டியும் அங்கே போய்விடும். அது போனால் அப்பா இரண்டு மாசம் தாங்க மாட்டார். உனக்கோ சித்திரையில்தான் லீவு. அப்படியானால் இந்த வீட்டில் பாரம் தாங்குகிற தலை என்னுடையது ஒன்றுதான்.

உன்னிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை. முடிவைச் சொல்லி எழுதுகிறேன். இந்த மாசிக்குப் பெட்டியை நான் சுமக்கப்போகிறேன்.

சின்ன வயசில் நீயும் நானும் வேடிக்கை பார்ப்போமே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா பெட்டியோடு திரும்பி வந்து நிற்க, சித்தப்பா ஆற்றுத் தண்ணீரில் மஞ்சள் கரைத்து அவர் காலைக் கழுவுவார். சுமந்தவர் காலை அவருக்குப் பின்னால் பிறந்தவர் கழுவாமல் தலைவாசல் ஏறக் கூடாது என்பது பேச்சி கதை எழுதியிருக்கிற ஏட்டின் வாக்கு. “நான் தூக்குனா எங் கால யாரு கழுவுவா, எனக்குப் பின்னால யாரும் பொறக்கலையே” என்று நீ ஒரு வருஷம் அழுது ஆர்ப்பாட்டம் செய்தாய். அந்தக் கவலை இனி உனக்கு வேண்டாம்.

தமிழினிக்கு முத்தம்.

அன்புடன்,
அக்கா ரேணுகா

*

தோஹா,
20.11.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சுஜாதாதான் முதலில் படித்தாள். படித்து, என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் உன் கட்சி என்று அதிலேயே தெரிந்தது.

கோபப்படாமல் கேள். பெட்டியைச் சுமப்பது காட்டு வேலை இல்லை, நினைத்தவர் செய்வதற்கு. அதற்கு ஏடு இருக்கிறது. பெண் கை பட்டால் பெட்டி திறவாது என்று அதில் வெட்ட வெளிச்சமாக எழுதியிருக்கிறது. கோயிலில் பெட்டி திறக்காவிட்டால் அதில் இருக்கிற சேலையை அம்மனுக்குச் சாத்த முடியாது, பூஜை கிடையாது, வந்த சனம் அத்தனையும் திரும்பிப் போக வேண்டும். அந்தப் பழியை நீ சுமப்பாயா?

இன்னொன்றும் இருக்கிறது. எழுதுவதற்கே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கட்டிக்கொடுத்த பெண் வேறு குலம் என்றும் ஏடு சொல்கிறது. நீ திரும்பி வந்துவிட்டாய், நம் வீட்டில்தான் இருக்கிறாய், ஏலக்காய்த் தோட்டத்தை நீதான் பார்க்கிறாய். எல்லாம் சரி. ஆனால் ஏட்டில் அதற்கு விதிவிலக்கு இல்லையே.

ஏடு அம்மனின் வாக்கு. அதில் நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு பிடிக்காததை விட்டுவிட முடியாது. எழுதியிருக்கிறபடி நடப்பதுதான் பக்தி. காசிமாயன் தூக்கட்டும். அவனும் நம் சித்தப்பா மகன்தானே, வேற்றாள் இல்லையே. பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் காலுக்கு இங்கே நல்ல தைலம் கிடைக்கிறது. ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். தமிழினி வெள்ளிக்கிழமைதோறும் தமிழ் எழுத்துப் பழகுகிறாள். ‘ஐ’ மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

உன் தம்பி,
பிரபாகரன்

*

சிலமலை,
7.12.2025

அன்புத் தம்பிக்கு,

தைலம் வந்தது. அப்பா தேய்த்துக்கொண்டார். வாசனை நன்றாக இருக்கிறது, வலி அப்படியே இருக்கிறது.

எழுதியிருக்கிறபடி நடக்க வேண்டும் என்கிறாய். சரி, நடப்போம். ஆனால் முழு ஏட்டின்படியும் நடப்போம். நீ ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்றதை எனக்கு விட்டுவிடாதே.

அம்மன் எப்படி நம் குலத்துக்கு வந்தாள்? அண்ணனும் தங்கச்சியுமாகப் பெட்டியோடு மலை இறங்கும்போது அண்ணன் காய்ச்சலில் விழுந்துவிட்டான். தங்கச்சி பேச்சி பெட்டியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு கணவாய் இறங்கினாள். அவள்தான் பிறகு தெய்வமானாள். இதுவும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. வருஷா வருஷம் சிவராத்திரி அன்று அப்பா ராகம் போட்டு வாசிக்க, ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள். பெண் கை பட்டால் பெட்டி திறவாது என்றால், முதல் முதலில் அதைத் தூக்கி வந்தது யார் கை?

இன்னும் கேள். நிலா இல்லாத ராத்திரியில் மலை இறங்கினாள் என்று ஓரிடத்தில் இருக்கிறது. நாலு பாட்டுத் தள்ளி, நிலா வெளிச்சத்தில் யானை நிற்கக் கண்டாள் என்று இருக்கிறது. எந்த நிலாவை எழுதியிருக்கிறபடி எடுத்துக்கொள்வது? அப்பாவிடம் கேட்டேன். “நான் வாசிக்கிறவன், ரெண்டும் இருக்கு, ரெண்டையும் வாசிக்கிறேன்” என்கிறார். எனக்கு அவர் சொன்னது பிடித்தது.

பெட்டி தரையைத் தொடக் கூடாது, சுமப்பவர் செருப்பில்லாமல் வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் நடந்தே போக வேண்டும் என்று ஏடு சொல்கிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஏழு வருஷமாகச் சின்ராசுவின் ஜீப்பில் தார்ப்பாயைக் கழற்றிவிட்டு, அப்பா தலையில் பெட்டியை வைத்து ஸீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போகிறீர்கள். அந்த யோசனையே உன்னுடையதுதான். போடி பஜாரில் பார்த்தவர்கள் எல்லாம் பொம்மைக் கடைக்கு லோடு போகிறது என்று நினைத்திருப்பார்கள். கால் கழுவ ஆற்றுத் தண்ணீர் என்று எழுதியிருக்கிறது. சித்தப்பா இப்போது பிடிப்பது குழாய்த் தண்ணீர். அங்கெல்லாம் ஏடு வளைகிறது. என் தலைக்கு மேலே வரும்போது மட்டும் கடப்பாரை மாதிரி நிற்கிறது.

கட்டிக்கொடுத்தவள் வேறு குலமா? கல்யாணத்தைத் தீர்த்துவிட்டு வந்தவள் எந்தக் குலம் என்று ஏட்டில் பார்த்துச் சொல். கட்டினவன் வீட்டுச் சாமியும் என்னை விட்டது, நம் வீட்டுச் சாமியும் விடும் என்றால் நான் கும்பிடுவதற்குப் போடிமெட்டுச் செக்போஸ்ட்தான் மிச்சம்.

குரூப்பில் நீ போட்டதைப் பார்த்தேன். நான்தான் சுமப்பேன் என்று நானும் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

அக்கா

*

தோஹா,
28.12.2025

அக்காவுக்கு,

பார்த்தேன். பங்காளிகள் எல்லோரும் பார்த்தார்கள். காசிமாயன் எனக்குப் போன் செய்து, “அண்ணே, அக்காள நீங்க அடக்குறீகளா, நாங்க அடக்கவா” என்று கேட்டான். அவன் அப்படிக் கேட்டது எனக்கும் பிடிக்கவில்லை.

நீ சொன்ன நிலாக் கணக்கை ஒரு வாரம் யோசித்தேன். ஏட்டில் முரண்பாடு கிடையாது, நமக்கு வாசிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். பேச்சி புறப்பட்டது அமாவாசை ராத்திரியில். காய்ச்சல்காரனைக் கூட வைத்துக்கொண்டு, ஒளிந்து ஒளிந்து இறங்கி, யானையைக் கண்டது பௌர்ணமியில். இரண்டும் மெய். அந்த மாதிரியே, பேச்சி சுமந்ததும் மெய், பெண் சுமக்கக் கூடாது என்பதும் மெய். அவள் சுமந்தது ஒரு தடவை நடந்த கதை. மற்றது எல்லாக் காலத்துக்கும் விதி. கதையைக் காட்டி விதியை உடைக்கக் கூடாது.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. போன வருஷம் இங்கே நாங்கள் வேலை செய்த கட்டடத்தில் சாரம் சரிந்தது. என் பக்கத்தில் நின்ற நேபாளக்காரர் போய்விட்டார். காலையில் என்னோடு ரொட்டி பங்கிட்டுத் தின்றவர். கம்பிக்கு நடுவே கிடந்தபோது, தாயே, என்னைத் தூக்கிவிடு, உன் ஏட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து நடக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். தூக்கிவிட்டாள். சின்னக் காயம்கூட இல்லை. அதற்குப் பிறகு எனக்கு அந்த ஏட்டில் ஒரு எழுத்தும் வேடிக்கை இல்லை அக்கா. ஜீப்பு விஷயம் நான் செய்த தப்புத்தான். இனிமேல் ஜீப்பு வேண்டாம் என்று காசிமாயனுக்குச் சொல்லிவிட்டேன். அவன் யோசிக்கிறேன் என்றான்.

நீ பெட்டியைத் தூக்கினால் அந்த வீட்டுத் தலைவாசலை நான் மிதிக்க மாட்டேன். இதை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பிரபாகரன்

*

சிலமலை,
16.1.2026

என் தம்பி பிரபாவுக்கு,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். அந்த நேபாளக்காரருக்கும் சேர்த்துப் பொங்கலன்று ஒரு இலை போட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. நீ வந்து நீயே சொல். இத்தனை நாள் தனியாக வைத்துக்கொண்டிருந்தாயே, அதற்குத்தான் உன்னைத் திட்ட வேண்டும்.

நீ உயிரோடு இருப்பது எனக்கு ஏட்டைவிடப் பெரிது. அதையும் சொல்லிவிட்டேன். ஆனால் நீ வேண்டிக்கொண்டது உன் நடைக்கு. என் நடையை எப்படி அடகு வைத்தாய்?

உன் நிலாக் கணக்கு நன்றாக இருக்கிறது. நான் ஒத்துக்கொள்கிறேன். அமாவாசையில் புறப்பட்டு பௌர்ணமியில் யானையைக் கண்டாள். அப்படியானால் அண்ணன்காரன் காய்ச்சலில் கிடக்க, அத்தனை நாளும் பெட்டி யார் தலையில் இருந்தது? ஒரு ராத்திரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீதான் அதைப் பாதி மாசமாக ஆக்கியிருக்கிறாய். பாதி மாசத்தில் ஒரு பெண்ணுக்கு என்னென்ன வந்து போகும் என்பது கல்யாணமான உனக்குத் தெரியும். அவள் பெட்டியை இறக்கி வைத்தாள் என்று ஏட்டில் எங்கேயும் இல்லை.

அம்மனைப் போலச் செய்யக் கூடாது, அம்மனுக்கு அழ மட்டும் செய்யலாம் என்றால் அந்தப் பக்தி உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு வேண்டாம்.

நீ தலைவாசல் மிதிக்காவிட்டால் எனக்கு வலிக்கும். மிகவும் வலிக்கும். இருந்தாலும் சுமப்பேன்.

அக்கா

*

சிலமலை,
20.2.2026

அன்புத் தம்பிக்கு,

என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. குரூப்பில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

சிவராத்திரி அன்று விடியும்போது குளித்து, ஈரச்சேலையோடு வந்து நின்றேன். பெட்டியைத் தலையில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும். அப்பா ஒரு பக்கம் பிடித்தார். இன்னொரு பக்கத்துக்கு ஆள் இல்லை. ஊரில் உள்ள ஆண்பிள்ளைகள் யாரும் வரவில்லை. அம்மா கதவோரம் நின்றாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெட்டி இருக்கிற அறையைக் கூட்டியிருக்கிறாள், மெழுகியிருக்கிறாள், பெட்டியைத் தொட்டதில்லை. அப்பா அவளைப் பார்த்து, “சுருளி, வா, பிடி” என்றார். அம்மா கையைச் சேலையில் ஒரு தடவை துடைத்துக்கொண்டு வந்து பிடித்தாள். பிறகு என் காதோரம், “விழுந்துறாத ஆத்தா” என்றாள். அப்பா என் இடுப்பில் ஒரு சின்ன சீசாவைச் செருகிவிட்டு, என்ன என்று கேட்காதே என்றார்.

ஜீப்பு இல்லை, செருப்பு இல்லை. எழுதியிருக்கிறபடி நடந்தேன். போடியை எட்டும்போதே தார் ரோடு கொதித்தது. ஏலக்காய் தரம் பிரிக்கிற கடைகளில் இருந்து, அங்கே வேலை செய்கிற செல்லத்தாயும் இன்னும் சில பெண்களும் குடத்தோடு ஓடி வந்தார்கள். என் காலில் ஊற்ற வந்தார்கள். காலில் வேண்டாம், ரோட்டில் ஊற்றுங்கள் என்றேன். முன்னால் ஊற்றிக்கொண்டே போனார்கள், நான் ஈரத்தில் நடந்தேன். ஏன் காலில் வேண்டாம் என்றேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முந்தல் விலக்கில் காசிமாயன் ஆட்களோடு நின்றான். பக்கத்தில் சின்ராசுவின் ஜீப்பு. தார்ப்பாய் கழற்றித் தயாராக இருந்தது.

“எக்கா, போதும். பெட்டிய எறக்கி வையி” என்றான்.

“தரையத் தொடக் கூடாதுன்னு எழுதியிருக்குடா. எங்க வைக்க? ஒன் தலையக் குடு, மாத்தி விடுறேன். செருப்பக் கழட்டிட்டு வா, இங்கிருந்து கோயில் மட்டும் நடக்கணும்.”

காசிமாயன் மலையைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். பிறகு தன் புதுச் செருப்பைப் பார்த்தான். அவன் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் என் தலையை விட்டுவிட்டு அவன் காலையே பார்த்தார்கள். அவன் கழற்றவில்லை. பொய் சொல்லக் கூடாது, கழற்றியிருந்தால் நான் கொடுத்திருப்பேன். என் கழுத்து அப்போதே மரத்துப் போயிருந்தது. நான் நடந்தேன். ஜீப்பு முதல் கியரில் பின்னாலேயே வந்தது. நான் விழுந்தால் தூக்கிப் போகவா, விழுகிறேனா என்று பார்க்கவா, எனக்குத் தெரியாது. சின்ராசு மட்டும் குரங்கணி தாண்டியதும் ஜீப்பை நிறுத்திவிட்டு, செருப்பை ஸீட்டுக்கு அடியில் போட்டுவிட்டுக் கூட நடந்தான்.

கோயிலில் பெட்டி திறக்கவில்லை.

நீ இதைப் படித்து நிமிர்ந்து உட்காருவாய் என்று தெரியும். அங்கேயும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். சாவியைத் திருப்பினேன், மூடி அசையவில்லை. பொன்னுமணி சித்தப்பா, அம்மன் வாக்கு பொய்க்குமா என்று கையெடுத்துக் கும்பிட்டார். காசிமாயன் என்னை விலகச் சொல்லிவிட்டுத் தான் திறந்தான். அவனுக்கும் திறக்கவில்லை. சித்தப்பா முயன்றார், அவருக்கும் இல்லை. அப்போதுதான் எனக்கு இடுப்புச் சீசா ஞாபகம் வந்தது. சீசா மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய். பெட்டி மூடியின் கீலில் நாலு சொட்டு விட்டு, கொஞ்சம் பொறுத்துத் தூக்கினேன். திறந்தது.

திரும்பி வந்து அப்பாவிடம் கேட்டேன். மலைப் பனிக்கு அந்தக் கீல் வருஷா வருஷம் இறுகிக்கொள்ளுமாம். சாமி கும்பிடக் குனிகிற சாக்கில் அவர் எண்ணெய் விடுவாராம். ஏடு பொய் என்று நான் சொல்லவே இல்லை, தம்பி. பெண் கை பட்டால் திறவாது என்பது மெய்தான். ஆண் கை பட்டால் திறக்கும் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை.

நான் பொங்கி வைத்த பொங்கலைப் பங்காளிகளில் பாதிப் பேர் தொடவில்லை. தொட்டவர்கள் நன்றாகத் தின்றார்கள். நிலா இல்லாத ராத்திரியையும் நிலா வெளிச்சத்து யானையையும் அப்பா இல்லாததால் நான் வாசித்தேன். இரண்டையும் வாசித்தேன்.

மறுநாள் சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்து நின்றேன். பெட்டியை அப்பாவும் அம்மாவும் வாங்கித் தலைவாசல் வழியாக உள்ளே கொண்டுபோனார்கள். நான் ஏறவில்லை. எனக்குப் பின்னால் பிறந்தவன் இன்னும் என் காலைக் கழுவவில்லை. ரோட்டில் வேறு யாரையும் என் காலில் தண்ணீர் ஊற்ற விடாததும் அதனால்தான். அன்றிலிருந்து கொல்லைப் பக்கமாகத்தான் போய் வருகிறேன். அம்மா அழுகிறாள், அக்கம்பக்கம் சிரிக்கிறது. பால்காரர்கூட என்ன கோலம் இது என்று கேட்டுவிட்டார். நான் என்ன செய்ய? எழுதியிருக்கிறபடி நடக்க வேண்டும் என்று நீதானே சொன்னாய்.

எத்தனை வருஷமானாலும் கொல்லைப் பக்கம்தான்.

உனக்கு முன்னால் பிறந்தவள்,
ரேணுகா

*

தோஹா,
14.3.2026

அக்காவுக்கு,

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. நீ செய்தது சரி என்று நான் எழுத மாட்டேன், அதை எதிர்பார்க்காதே. எண்ணெய்ச் சீசா விஷயத்தை அப்பாவிடம் நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

போனில் வைத்திருக்கிற ஏட்டுப் படத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். சுமந்தவர் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆணா பெண்ணா என்று அந்த இடத்தில் எழுதவில்லை. பின்னால் பிறந்தவர் என்று எழுதியிருக்கிறது. அது நான்தான், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

சித்திரை இரண்டாம் தேதி மதுரையில் இறங்குகிறேன். சுஜாதாவும் தமிழினியும் உள்ளே வருவார்கள். தலைவாசலை மிதிக்க மாட்டேன் என்று எழுதினேன், அதை நான் மாற்றவில்லை. கால் கழுவுவது தலைவாசலுக்கு வெளியேதான்.

மஞ்சள் அரைத்து வை. குழாய்த் தண்ணீர் பிடித்து வைக்காதே. கொட்டக்குடி ஆற்றுத் தண்ணீர் என்று எழுதியிருக்கிறது. வருகிற வழியில் நானே மொண்டுகொண்டு வருகிறேன்.

உனக்குப் பின்னால் பிறந்தவன்,
பிரபாகரன்